அம்மாவின் உயரம் நூற்று நாற்பத்திரண்டு இல்லை

காஞ்சிபுரம்
சித்திரை 4, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சங்கீதாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி கீர்த்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் நலம். உன் அம்மாவும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை, ஆனால் அதை எழுத எனக்கு மனது வரவில்லை, காரணம் பின்னால் வருகிறது. முதலில் என் எழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. சில எழுத்து பூசணிக்காய் மாதிரியும் சில எழுத்து எறும்பு மாதிரியும் இருக்கும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், கோடு ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அடித்து எழுதிய இடத்தில் எல்லாம் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காதே, எழுத்துப் பிழை பாதி, கோபத்தில் எழுதி வேண்டாம் என்று அடித்தது பாதி.

நம்பமாட்டாய், அறுபத்தெட்டு வயதில் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. ஆடி மாதம் மாநகராட்சிப் பள்ளியில் முதியோர் வகுப்பு தொடங்கியபோது போகமாட்டேன் என்றுதான் சொன்னேன், உன் அம்மாதான் பிடித்துத் தள்ளினாள். கமலவேணி டீச்சர் மாசியில் பரீட்சை வைத்தார்கள், நான் தேறிவிட்டேன். இப்போது தெருவில் போகும்போது கடைப் பலகை எல்லாம் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிற மாதிரி இருக்கிறது. நாற்பது வருடமாக நான் டீ குடிக்கிற கடையின் பெயரே போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. இந்தச் சந்தோஷத்தை உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருந்தேன். ஆனால் முதல் கடிதமே உன்னைத் திட்டி எழுதும்படி ஆகிவிட்டது. அதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. போனில் நான் கோபப்பட்டால் நாலு வார்த்தை முடிவதற்குள் அப்பா ஒரு நிமிஷம் மீட்டிங் என்பாய், அதோடு என் கோபமும் ஆறிப்போகும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரை படி, அதற்குப் பிறகு மீட்டிங்குக்குப் போ.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரு போன், அது உன் அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. நம் வீடு எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும், தறி இருக்கிற அறையில் தும்மினால் அடுப்பங்கரையில் நூறு வயசு என்று பதில் வரும். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கியிருக்கிறாள். சொல்லமாட்டேன் என்றேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அவள் ஐந்தாவது வரை படித்தவள், அதனால் இந்தத் தாளை வகுப்பு நோட்டுக்குள் வைத்து எழுதுகிறேன். சற்றுமுன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்னா இவ்ளோ நேரமா எழுதறீங்க, குடுங்க நான் திருத்தித் தரேன் என்றாள். முதலில் டீச்சர்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கையை விரித்து மூடிக்கொண்டேன். ரொம்பத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுப்பங்கரை வரைக்கும் பத்தடி இல்லை, நடுவில் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை நின்றாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

தை மாதம் அவளுக்கு மூச்சு வாங்குகிறது என்று சொன்னபோது நீதான் அங்கிருந்தே ஒரு பரிசோதனை நிலையத்தில் ஏற்பாடு செய்தாய். நல்ல காரியம், அதில் குற்றம் சொல்லவில்லை. நெஞ்சு எவ்வளவு காற்றைப் பிடிக்கிறது, எவ்வளவு வேகமாக வெளியே விடுகிறது என்று அளந்து பார்க்கிற பரிசோதனை. அங்கே இருந்த பெண் முதலில் உன் அம்மாவைச் சுவரில் இருந்த அளவுகோலின் கீழே நிற்கவைத்தாள். அம்மாவின் முதுகு இப்போது எப்படி இருக்கிறது என்று நீ நேரில் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. போனில் முகம் மட்டும்தான் தெரியும். ஒரு பாவுக்கு நாலாயிரம் ஐயாயிரம் இழை, தறியில் முடிந்துபோன பழைய இழையின் நுனியோடு புது இழையை விரலால் முறுக்கி ஒன்றொன்றாகப் பிணைக்க வேண்டும், அதை முப்பது வருடம் குனிந்து உட்கார்ந்து செய்த முதுகு அது. போன வருடம் படியில் விழுந்த பிறகு இன்னும் வளைந்துவிட்டது. நேரா நில்லுங்கமா என்றாள் அந்தப் பெண். இதுதாம்மா எனக்கு நேரா என்று உன் அம்மா சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே தலைமேல் பலகையை இறக்கி நூற்று நாற்பத்திரண்டு என்று கம்ப்யூட்டரில் தட்டிவிட்டாள். நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றேன். பிறகு மூக்கை ஒரு கிளிப்பால் அடைத்து, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்து, நெஞ்சு ரொம்ப இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் என்று ஏலம் விடுகிறவள் மாதிரி கத்தினாள். மூன்று தடவை. மூன்றாவது தடவை உன் அம்மாவுக்குக் கண் இருட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வந்த காகிதத்தில் ஒரு லிட்டர் நானூறு மில்லி என்றும், இருக்க வேண்டியதில் எண்பத்திரண்டு சதவீதம் என்றும், கீழே நார்மல் என்றும் போட்டிருந்ததாம். அந்தப் பெண்ணே படித்துச் சொல்லி அதை உனக்கும் அனுப்பிவிட்டாள்.

அன்று நீ போனில் பேசியதை நான் மறக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன். நார்மல்னு போட்டிருக்குது மா, எல்லாம் உன் மனசுலதான் இருக்குது, சும்மா உக்காந்துக்கினே இருந்தா மூச்சு வாங்காம இன்னா பண்ணும், காலையில வாக்கிங் போ என்றாய். அவள் சரி மா என்றாள். சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம். காலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி அவள் உட்கார்வதே பாவு பிணைக்கும்போதுதான். அதற்கு அடுத்த வாரம் நீ ஒரு பெட்டி வைட்டமின் மாத்திரை அனுப்பினாய். அந்தப் பெட்டியில் ஒட்டியிருந்த உன் விலாசத்தைப் பார்த்துத்தான் இப்போது உறையின்மேல் ஆங்கில எழுத்தைப் படம் வரைவது மாதிரி வரைந்திருக்கிறேன். அந்த ஒரு உபயோகம்தான் அந்தப் பெட்டியால்.

அன்றிலிருந்து அவள் மூச்சு வாங்குகிறது என்று சொல்வதையே நிறுத்திவிட்டாள். மூச்சு வாங்குவது நிற்கவில்லை. பாத்திரம் தேய்க்கிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் மூச்சை வாங்கிக்கொள்வாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள், கேட்டால் முதுகு வலி என்பாள். ஞாயிற்றுக்கிழமை உன் போன் வருகிற நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே ஒரு வேலையும் செய்யாமல், என்னோடும் பேசாமல், அசையாமல் உட்கார்ந்து மூச்சைச் சேர்த்துவைத்துக்கொள்வாள், பிறகு போனை எடுப்பாள். நீயும் கொரல் நல்லா தெளிவா இருக்குது மா, பாத்தியா வாக்கிங் போனா எப்டி இருக்குதுன்னு என்றாய். போனை வைத்த பிறகு அவளுக்கு மூச்சு நிதானத்துக்கு வர அரை மணி நேரம் ஆனது. எனக்கு அப்போது யார்மேல் கோபம் வந்தது என்று கேட்டால், அவள்மேல்தான் வந்தது. பேப்பர்லயே ஒண்ணுமில்லன்னு போட்டுட்டான், நீ ஏன் இப்டி பண்ற என்று நானும் ஒரு நாள் சொல்லிவிட்டேன். இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

பங்குனி உத்திரத்தன்று அம்மன் கல்யாணம் பார்க்கக் கிளம்பினோம். ஏலவார்குழலி என்று அம்மனின் பெயரையே வைத்திருப்பதால் அந்த ஒரு நாள் அவளுக்குத் தன் கல்யாணம் மாதிரி. பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தவள் சன்னதித் தெருவில் கூட்டத்துக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு கத்தரிக்காய் நிறம். நான் விசிறிக்கொண்டு நிற்கிறேன், என்ன செய்வது என்று தெரியவில்லை. எதிரே சரிகைக் கடையிலிருந்து ஃபக்ருதீன் ஓடிவந்தான். இன்னாண்ணே, அண்ணிக்கு இப்டி இரைக்குது, நீ பாட்டுக்கு விசிறிக்கினு நிக்கற, இது வெயிலுக்கு வர மயக்கமா என்று என்னைத்தான் முதலில் திட்டினான். அவன் மனைவி ரம்ஜான் பீ பத்து வருடமாக இரைப்புக்கு மருந்து சாப்பிடுகிறவள், அதனால் அவனுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பரிசோதனை எல்லாம் ஆச்சு, நார்மல் என்று நான் சொன்னேன். நார்மலா, அத அண்ணி மூஞ்சிக்கு நேரா சொல்லு பாக்கலாம் என்று சொல்லிவிட்டு அவனே வண்டியில் ஏற்றி ரம்ஜான் பீ போகிற நெஞ்சு டாக்டரிடம் கொண்டுபோய் விட்டான்.

அந்த டாக்டருக்குப் பெயர் சுகாசினி, உன் வயதுதான் இருக்கும். மருந்து கொடுத்துக் கொஞ்சம் தேறியதும் பழைய காகிதத்தை வாங்கிப் பார்த்தார்கள். மேலே இருந்து படித்தார்கள், கீழே இருந்து இல்லை. இரண்டாவது வரியிலேயே நிறுத்தி, இந்த உயரத்தை யார் அளந்தது என்று கேட்டார்கள். சொன்னேன். எழுந்துபோய் அம்மாவைச் சுவரில் முதுகு சாய்த்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் முழுக்க விரிக்கச் சொன்னார்கள். டேப்பின் ஒரு நுனியை அவர்கள் பிடித்து, இன்னொரு நுனியை ஐயா நீங்க புடிங்க என்று என்னிடம் கொடுத்தார்கள். ஒரு கை நடுவிரல் நுனியிலிருந்து மறு கை நடுவிரல் நுனி வரை. நூற்று ஐம்பத்தாறு. முதுகு வளைந்தவர்களுக்கு இப்படித்தான் உயரம் எடுக்க வேண்டும், வளைந்த முதுகை அளந்தால் அது உயரம் இல்லை என்று டாக்டர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த டேப்பைப் பிடித்திருந்த விரல் சுட்டது. மார் கணக்கு இது, சங்கீதா. கையை விரித்தால் எத்தனையோ அதுதான் ஆளின் உயரம் என்று நம் தெருவில் பாவு நீட்டுகிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அறுபது வருடமாக இந்தக் கையை விரித்து நான் பாவு அளக்கிறேன். உன் அம்மா கல்யாணம் ஆகி வந்த புதிதில் அவள் மார் என் மாரைவிட நாலு விரல்தான் குறைவு, ஒட்டகச் சிவிங்கியைக் கொண்டுவந்துவிட்டான் என்று என் அக்கா கேலி செய்வாள். மடித்து வைத்த புடவையின்மேல் முழக்கோலை வைத்து இவ்வளவுதான் நீளம் என்று ஒருவன் என்னிடம் சொன்னால் அவனை வாசலுக்கு வெளியே தள்ளியிருப்பேன். அந்தப் பெண் நூற்று நாற்பத்திரண்டு என்றபோது நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மெஷின் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியாதா என்று நின்றேன்.

உயரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார்கள். ஓர் ஆள் ஊதுவது எத்தனை லிட்டர் என்றுதான் மெஷின் அளக்கும். அது போதுமா போதாதா என்று அதற்குத் தானாகத் தெரியாது. வயதையும் உயரத்தையும் கொடுத்தால், இந்த வயதில் இந்த உயரத்துப் பெண்ணுக்கு இத்தனை லிட்டர் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அதோடு ஒப்பிட்டுச் சொல்லும். உயரத்தைக் குறைத்துக் கொடுத்தால் இருக்க வேண்டியதும் குறைந்துவிடும், கொஞ்சம் காற்றே போதும் என்று ஆகிவிடும். மறுபடி ஊதச் சொன்னார்கள். பலூன் ஊதற மாதிரி ஊதுங்கமா என்றதற்கு, பலூன் எல்லாம் எனக்குப் பழக்கமில்லமா, அடுப்புதான் ஊதுவேன் என்றாள் உன் அம்மா. அப்ப உங்க வீட்டுக்காரர் மேல இருக்கிற கோவத்தை எல்லாம் சேத்து ஒரே மூச்சுல ஊதுங்க என்றார்கள் டாக்டர். அது ஒரு மூச்சுல முடியாதே என்று சொல்லிவிட்டு ஊதினாள். அதே ஒரு லிட்டர் நானூறுதான். தையில் ஊதிய அதே காற்று. ஆனால் நூற்று ஐம்பத்தாறு உயரத்துக்கு அது அறுபத்தாறு சதவீதம்தான் ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு காற்றைக் காணவில்லை. மனசில் இருந்தது என்றாயே, அது நெஞ்சில் இருந்தது.

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தப் பெண்ணுக்கு உன் அம்மாவை முன்பின் தெரியாது. எனக்கு அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று படிக்கத் தெரியாது. நீ படித்தவள், அந்தக் காகிதம் முழுக்க உன் கையில் இருந்தது, உயரம் நூற்று நாற்பத்திரண்டு என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. எனக்கு அம்மா உயரம், அவங்க புடவையைக் கட்டினா மடிப்பு அப்படியே வரும் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னவள் நீ. உன் உயரம் என்ன என்று உனக்குத் தெரியாதா? பெற்றவள் உன்னைவிட அரைச் சாணுக்கு மேல் குட்டையாக எப்போது ஆனாள் என்று உனக்கு ஒரு கேள்வி வரவில்லையா? நீ கடைசி வரியை மட்டும் படித்தாய். பிறகு அம்மாவுக்கு யோசனை சொன்னாய். அவள் சொல்வதைக் காட்டிலும் காகிதம் சொல்வதை நம்பினாய், அந்தக் காகிதத்தையும் முழுசாகப் பார்க்கவில்லை. மூன்று மாதம் அவள் குழாய்ச் சத்தத்தில் மூச்சு வாங்கியிருக்கிறாள். இதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது, பின்பக்கம் பார்த்தால் தெரியும்.

திட்டியது போதும், இனி வேலையைச் சொல்கிறேன். நுரையீரலின் அடிப்பக்கம் கெட்டிப்படத் தொடங்கியிருக்கலாம், அல்லது முதுகு வளைவு நெஞ்சை விரியவிடாமல் அழுத்தலாம், எது என்று சென்னையில் ஒரு பெரிய ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்கிறார்கள் டாக்டர். கெட்டிப்படுவதாக இருந்தால் இப்போதே மருந்து தொடங்கினால் இருக்கிற காற்றையாவது காப்பாற்றி வைக்கலாம், ஆறு மாதம் தள்ளினால் அப்படிச் சொல்ல முடியாது, போன காற்று திரும்ப வராது என்றும் சொன்னார்கள். ஏப்ரல் இருபத்தொன்பது புதன்கிழமைக்கு அவர்களே இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். உன் அம்மா வரமாட்டேன் என்கிறாள்.

ஏன் என்று கேள். பாப்பா பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிச்சு, இப்ப நான் போய் மெஷின்ல படுத்து இருக்குதுன்னு வந்தா அது இன்னா ஆவும், அங்க தனியா உக்காந்துக்கினு அழுவும், நம்மாலதான் அம்மாவுக்கு இப்டி ஆச்சுன்னு காலம் பூரா நெனச்சுக்கினு இருக்கும் என்கிறாள். நான் கத்தினேன். ஃபக்ருதீன் வந்து பேசினான். ரம்ஜான் பீ வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். டாக்டர் இரண்டு தடவை போன் செய்தார்கள். எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஆடி மாதம் என்னை வகுப்புக்குத் துரத்தியபோது, நாளைக்கு நான் இல்லன்னா உங்களுக்கு பஸ் போர்டு யாரு படிச்சு சொல்றது என்றாள். நான் அதைக் கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அப்போதே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை.

அவள் உன் சொல்லுக்காக நிற்கிறாள், அதை உன்னால்தான் திரும்ப எடுக்க முடியும். நீ சொன்னது தப்பு என்று நீ சொல்லாமல் அவள் அசையமாட்டாள். இந்தக் கடிதம் வந்த அன்றே கூப்பிடு. நான் அந்தக் காகிதத்தைச் சரியாகப் பார்க்கவில்லை அம்மா, தப்பாகச் சொல்லிவிட்டேன், நீ ஸ்கேனுக்குப் போ, இவ்வளவு போதும். அழாதே. நீ அழுதால் அவள் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள், ஸ்கேன் பேச்சு அதோடு போய்விடும். கம்ப்யூட்டரில் எதையாவது படித்துவிட்டு அவளுக்கு யோசனை சொல்லாதே. மாப்பிள்ளையைப் பேசவிடாதே, அவர் நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றுக்கும் பரவாயில்லை அத்தை என்பார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். அப்பா கடிதம் எழுதினார் என்றே சொல். என்னோடு பத்து நாள் பேசமாட்டாள், பேசாமல் இருக்கட்டும், அந்த மூச்சு மிச்சமாகட்டும்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. தறியில் மாம்பழ நிறத்தில் ஒரு புடவை ஏறியிருக்கிறது, அரக்குக் கரை, எதிர்வீட்டு தேவேந்திரன் மகள் கல்யாணத்துக்கு. அதன் பாவு இழையை நான்தான் பிணைப்பேன் என்று உன் அம்மா உட்கார்ந்தாள், நான் விடவில்லை, வெளியே ஆள் வைத்தேன், அதற்கும் ஒரு சண்டை. வெயில் இந்த வருடம் அதிகம். கீர்த்திக்குச் சளி என்று போன வாரம் சொன்னாயே, ஏ.சி.யில் படுக்கவைக்காதே. அவள் எனக்கு மூச்சு முட்டுது என்று என்றைக்காவது சொன்னால் முதலில் அவள் முகத்தைப் பார், காகிதத்தை அப்புறம் பார்க்கலாம்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இதை எழுதி முடித்தும் அது குறையவில்லை, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவும் இல்லை. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உன் பிள்ளை நல்லபடியாக இருக்க வேண்டும், உன் வீட்டில் எல்லோரும் நெஞ்சு நிறைய மூச்சு விட்டுத் தூங்க வேண்டும். நூறு வயது இரு. இருபத்தொன்பதாம் தேதி புதன்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு ஃபக்ருதீன் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவேன் என்று சொல்லியிருக்கிறான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மறுபடி எழுதுகிறேன். அதற்குள் நீ பேசியிருந்தால் சென்னைக்குப் போக உன் அம்மா பை எடுத்துவைத்திருப்பாள், பையில் என்னென்ன வைத்தாள் என்று எழுதுவேன்.

இப்படிக்கு
உன் அப்பா
மு. நமச்சிவாயம்